குழிப்பணியாரம் சரியாக வரவில்லையா? குறையைப் பார்த்துக் காரணத்தைப் பிடியுங்கள்

வீட்டுக்கு 25, 30 பேர் வரும் நாளில் முதல் தட்டில் எதை நீட்டுவது என்றால், பல ஆண்டுகளாக என் பதில் ஒன்றுதான்: சின்னக் குழிப்பணியாரம். மாவு முந்தின இரவே தயாராகிவிடும். கொதிக்கும் எண்ணெய் முன்னால் நிற்க வேண்டியதில்லை. ஒரு பல்குத்தும் குச்சியில் கோத்து, தலையில் ஒரு சொட்டுக் கெட்டிச் சட்னி வைத்து வெள்ளைத் தட்டில் அடுக்கினால் பார்ப்பதற்கே அவ்வளவு லட்சணமாக இருக்கும். ஒரே வாயில் போட்டுக்கொள்ளலாம். கையில் எண்ணெய் ஒட்டாது, பட்டுப் புடவையில் சிந்தாது.

ஆனால் விருந்து நாளில்தான் அது முரண்டு பிடிக்கும். “கல்லை விட்டு வரவே மாட்டேன் என்கிறது அக்கா” என்று தங்கையும், “உள்ளே மாவாகவே இருக்கிறதே” என்று மாடி வீட்டுப் பெண்ணும் கேட்டுக் கேட்டு, நானும் என் அடுப்பில் திரும்பத் திரும்பச் சரிசெய்து பழகியவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் பணியாரத்தில் எந்தக் குறை தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், செலவு வைப்பது கடைசியில் வரும். அந்த வரிசையிலேயே பாருங்கள். புதுக் கல் வாங்கிய பிறகு, தீயைக் குறைத்திருந்தாலே போதும் என்று தெரிந்து வருந்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் வைத்துக்கொள்ளும் அளவு: இட்லி அரிசி ஒன்றரை டம்ளர், பச்சரிசி அரை டம்ளர், உளுந்து அரை டம்ளர், வெந்தயம் 1 தேக்கரண்டி. 30 பேருக்கு ஆளுக்கு 4 என்றால் இதைப் போல இரண்டு மடங்கு. விருந்து மாலையில் என்றால், காலையிலேயே ஒரு ஈடு ஊற்றிப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் அதை மட்டும் மறக்க வேண்டாம். காலை 8 மணிக்குத் தெரியும் குறைக்கு மருந்து உண்டு, மாலை 6 மணிக்குத் தெரிவதற்குப் பெரும்பாலும் இல்லை.

## குறை 1: குழியில் ஒட்டிக்கொள்கிறது, பிய்ந்து வருகிறது

எல்லாக் குழியிலும் ஒட்டுகிறதா?

முதலில் உங்கள் அவசரத்தைச் சந்தேகியுங்கள். வெந்த பணியாரம் தானே சொல்லும். குழியின் ஓரத்தில் சுற்றிலும் மாவின் ஈர மினுமினுப்பு மங்கி, ஓரம் கல்லை விட்டு நூலிழை அளவு விலகி நிற்கும். அந்த இடைவெளியில் குச்சியின் முனையை வைத்துப் பக்கவாட்டில் லேசாகத் தள்ளுங்கள். பணியாரம் குழிக்குள்ளேயே வட்டமாக வழுக்கி ஓட வேண்டும். ஓடினால் திருப்பலாம். ஓடாமல் அடம் பிடித்தால் இன்னும் அரை நிமிடம் விடுங்கள். அடியில் குத்தித் தூக்கினால் அங்கேதான் பிய்யும்.

அடுத்தது சூடு. ஒவ்வொரு குழியிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சொட்டு அப்படியே உட்கார்ந்து மெல்லக் கொதித்தால் கல் காயவில்லை. ‘சொய்ங்’ என்று சத்தமிட்டு உருண்டு மறைந்தால் சரி. தண்ணீர் முழுவதும் வற்றிய பிறகுதான் எண்ணெய் விட வேண்டும், இல்லையென்றால் தெறிக்கும். கல் காயும் முன் எண்ணெய் விட்டு, எண்ணெய் காயும் முன் மாவு ஊற்றினால் எந்தக் கல்லிலும் ஒட்டத்தான் செய்யும்.

பிறகு எண்ணெய். முதல் ஈட்டுக்குக் குழிக்கு அரைத் தேக்கரண்டி நல்லெண்ணெய் தேவை. அதை ஊற்றிவிட்டு நிறுத்தினால் அடியில் குளமாக நிற்கும், ஓரம் காய்ந்திருக்கும். ஒரு சின்ன வெங்காயத்தைப் பாதியாக நறுக்கி முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தோய்த்துக் குழியின் விளிம்பு வரை தேய்த்து விடுங்கள். ஈடுக்கு ஈடு இதைச் செய்தால் பின்னால் வரும் ஈடுகளுக்கு எண்ணெயும் பாதியாகக் குறையும்.

இரண்டு மூன்று குழியில் மட்டும் ஒட்டுகிறதா?

போன ஈட்டின் மாவுப் பொருக்கு அங்கே தங்கியிருக்கிறது. அடுப்பை அணைத்து, கல் கொஞ்சம் ஆறியதும் மரக்கரண்டியின் முனையால் சுரண்டி, ஈரத் துணியால் துடைத்து, எண்ணெய் தேய்த்து மறுபடி காய வையுங்கள். அதே கல்லில் இனிப்புப் பணியாரமும் ஊற்றுபவர்களுக்கு இது கட்டாயம் நேரும். வெல்லம் கருகி ஒட்டிய இடம் காரப் பணியாரத்தை விடாது. ஒரே கல்தான் இருக்கிறதென்றால் காரத்தை முடித்துவிட்டுக் கடைசியில் இனிப்புக்குப் போங்கள்.

இரும்புக் கல் புதியதா?

அப்படியானால் மாவிலும் தீயிலும் காரணம் தேட வேண்டாம். கல் பழகவில்லை. அரிசி கழுவிய தண்ணீரில் 2, 3 நாள் ஊறப் போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். ஈரம் போகத் துடைத்து, நல்லெண்ணெய் தடவி ஓர் இரவு வையுங்கள். மறுநாள் சிறு தீயில் காய வைத்து, குழிகளில் வெங்காயத்தைப் போட்டுக் கருகும் வரை வதக்கிக் கொட்டுங்கள். முதல் இரண்டு ஈடுகளையும் சாப்பிடக் கூடாது. இவ்வளவுக்கும் 4 நாளாவது வேண்டும். விருந்துக்கு முந்தின நாள் வாங்கிய இரும்புக் கல்லை எடுத்து வைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் பழகிய கல்லை இரவல் கேளுங்கள். என் தம்பி மகளின் பிறந்தநாளில் புதுக் கல்லை நம்பி முதல் மூன்று ஈடும் உதிர்ந்து உதிர்ந்து வந்தது. அன்று பக்கத்து வீட்டு அம்மா தன் கல்லைத் துணியில் பொதிந்து கொண்டுவந்து கொடுத்ததை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

பழகிய இரும்புக் கல் திடீரென்று ஒட்டுகிறதா?

யாரோ சோப்புப் போட்டு, கம்பி நாரால் பளபளவென்று தேய்த்திருப்பார்கள். கேட்டுப் பாருங்கள். எண்ணெய் தடவி, காய வைத்து, வெங்காயம் வதக்கினால் ஒரு நாளில் பழைய நிலைக்கு வந்துவிடும். துரு தெரிந்தால் கல்லுப்பும் தேங்காய் நாரும் போதும்.

நான்ஸ்டிக் கல்லா?

பூச்சு உரிந்து அடியில் வெள்ளை உலோகம் தெரிந்தால் அதற்கு வைத்தியம் இல்லை, மாற்றிவிடுங்கள். இரும்புக் கல்லில் விரிசல் கண்டாலும் அப்படித்தான். வார்ப்பு இரும்பு ஒட்டுப் போட்டு நிற்காது.

## குறை 2: வெளியே கருகுகிறது, உள்ளே மாவாக இருக்கிறது

பத்தில் எட்டு முறை தீதான் காரணம். கல் காய்வதற்குப் பெரிய தீ வைத்திருப்போம், மாவு ஊற்றியதும் குறைக்க மறந்திருப்போம். மாவு விழுந்ததும் தீ நடுத்தரத்துக்கும் கீழே வந்துவிட வேண்டும். மூடி போட்டு 3 நிமிடம், திருப்பி மூடியில்லாமல் 2 நிமிடம். கல்லுக்குக் கல் கொஞ்சம் மாறும், அதற்குத்தான் காலை ஈடு.

தீ சரியென்றால் மாவின் குளிர்ச்சியைப் பாருங்கள். பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் தொட்டால் சில்லென்று இருக்கிறதா? குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த மாவை ஒரு மணி நேரமாவது வெளியே வைக்காமல் ஊற்றக் கூடாது.

அதுவும் சரியென்றால் குழியை எவ்வளவு நிரப்புகிறீர்கள் என்று பாருங்கள். முக்கால் குழிக்கு மேல் வேண்டாம். விளிம்பு வரை ஊற்றினால் தொப்பி போல வழிந்து, திருப்பும்போது வேகாத மாவு வெளியே கொட்டும், உருண்டை வடிவமும் கெடும்.

எல்லாம் சரியாக இருந்தும் கருகினால் கல் மெல்லியது. அதன் அடியில் பழைய தோசைக் கல்லை வைத்து, அதன் மேல் பணியாரக் கல்லை வைத்துப் பாருங்கள். நேரம் கூடும், கருகாது. தொடர்ந்து செய்பவராக இருந்தால் கனமான கல் வாங்குவது செலவுக்குத் தகுந்த பலன் தரும்.

## குறை 3: உப்பவில்லை, அடை போலக் கனக்கிறது

இந்தக் குறைக்குக் காரணம் அடுப்பில் இல்லை, முந்தின நாளில் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, புளித்த மாவில் ஒரு சிறு துளியை விரல் நுனியால் எடுத்து மெதுவாக அதில் விடுங்கள். மிதந்தால் மாவில் குறையில்லை. கரண்டியால் அடித்துக் கலக்கிக் காற்றை வெளியேற்றியிருப்பீர்கள், அல்லது வதக்காத வெங்காயத்தை முன்கூட்டியே போட்டு அது நீர் விட்டு மாவு இளகியிருக்கும். வெங்காயத்தைத் தாளிப்போடு வதக்கி, ஆற வைத்து, ஊற்றும் நேரத்தில் மட்டும் சேர்த்து, அடியிலிருந்து மேலாக இரண்டு முறை புரட்டினால் போதும்.

துளி மூழ்குகிறது, மாவும் பொங்கவில்லை

புளிக்க நேரம் போதவில்லை. வெயில் காலத்தில் 8 மணி நேரத்தில் பொங்கும் மாவு, மார்கழியில் 12 மணி நேரம் கடந்தும் அப்படியே கிடக்கும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் இன்னும் அதிகம் ஒதுக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள அகலப் பாத்திரத்தில் மாவுப் பாத்திரத்தை இறக்கி மூடி வையுங்கள், தண்ணீர் ஆற ஆற மாற்றுங்கள். உப்பைக் கரைக்கும்போது கரண்டிக்குப் பதில் கையால் கலக்கினால் சீக்கிரம் புளிக்கும் என்பது என் மாமியார் சொன்னது. என் வீட்டில் அது பலித்துத்தான் வருகிறது.

துளி மூழ்குகிறது, ஆனால் மாவு புளித்த வாசனை வருகிறது

உளுந்து சரியாக ஆட்டப்படவில்லை. அரிசியையும் உளுந்தையும் ஒன்றாகப் போட்டு ஆட்டினால் இப்படி ஆகும். உளுந்தைத் தனியாகப் போட்டு, தண்ணீரைக் கை கையாகத் தெளித்து, 25 நிமிடமாவது ஓட விடுங்கள். அதற்கும் அதே மிதக்கும் சோதனைதான்: ஆட்டிய உளுந்தைச் சிறு உருண்டையாகத் தண்ணீரில் போட்டால் பஞ்சு போல மேலே நிற்க வேண்டும். மிக்சியில் அரைப்பவர்கள் ஐஸ் தண்ணீர் விட்டு, விட்டு விட்டு அரைக்க வேண்டும். சூடேறிய மாவு பொங்காது.

ஆட்டியது சரியென்றால் உளுந்தே பழையதாக இருக்கலாம். ஊறிய உளுந்தை விரலிடையில் நசுக்கிப் பாருங்கள். புது உளுந்தில் வழவழப்பு தெரியும், நூலாக இழுக்கும். பழையது மாவு மாவாக உதிரும். கடையை மாற்றுவதற்கு முன் அரைக் கிலோ மட்டும் வேறிடத்தில் வாங்கிச் சோதித்துக்கொள்ளுங்கள்.

உளுந்தும் புதியது, நேரமும் சரி, ஆனாலும் சில மாதங்களாகவே இட்லியும் பணியாரமும் கனக்கின்றன என்றால் கிரைண்டர் கல்லைக் கழற்றி உள்ளங்கையால் தடவுங்கள். கொத்து தேய்ந்து வழுவழுப்பாக இருந்தால் கல் ஆட்டவில்லை, மாவைச் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது. இது நம் கையால் ஆகும் வேலை இல்லை. அம்மி, ஆட்டுக்கல் கொத்துபவர்கள் இன்னும் சில ஊர்களில் தெருவில் வருகிறார்கள். இல்லையென்றால் கிரைண்டர் பழுது பார்க்கும் கடையில் கொடுங்கள். கொத்திய கல்லில் முதல் ஒன்றிரண்டு முறை ஆட்டுவதைக் கொட்டிவிட வேண்டும், கல் துகள் வரும்.

விருந்து இன்னும் ஒரு மணி நேரத்தில் என்றால், ஒரு லிட்டர் மாவுக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடாவை ஊற்றும் நேரத்தில் கலந்து சமாளிக்கலாம். அதற்கு மேல் ஒரு சிட்டிகைகூட வேண்டாம். சோடா கூடினால் பணியாரம் செம்பழுப்பாகி, சோப்பு வாடை அடித்து, எண்ணெயையும் குடிக்கும்.

## குறை 4: எண்ணெய் குடிக்கிறது

முதலில் கல் காய்ந்திருந்ததா, சோடா கூடிவிட்டதா என்று பாருங்கள். அடுத்தது மாவின் பதம். கரண்டியிலிருந்து தண்ணீர் போல ஓடினால் எண்ணெயை இழுக்கும். ஒரு கரண்டி அரிசி மாவோ வறுத்த ரவையோ சேர்த்துப் பத்து நிமிடம் வையுங்கள். எடுத்த பணியாரத்தைக் காகிதத்தில் கொட்டிக் குவிக்காமல், வலைத்தட்டில் பரப்பி வைத்தால் மிச்சமும் வடிந்துவிடும்.

## குறை 5: நடுக்குழி கருகுகிறது, ஓரக்குழி வெளுத்திருக்கிறது

கல்லை அரை நிமிடத்துக்கு ஒருமுறை கால் வட்டம் திருப்பி வையுங்கள். 12 குழிக் கல்லைச் சின்ன பர்னரில் வைத்திருந்தால் பெரியதுக்கு மாற்றுங்கள். நடுக்குழியில் கடைசியாக மாவு ஊற்றி முதலில் எடுப்பது என் பழக்கம்.

எப்போதும் ஒரே பக்கம் மட்டும் கருகினால் கல்லை எடுத்துவிட்டுத் தீயை மட்டும் பாருங்கள். ஒரு பக்கம் உயர்ந்தும் ஒரு பக்கம் அணைந்தும் எரிகிறதா? பர்னரில் பால் பொங்கியதும் மாவு சிந்தியதும் துளைகளை அடைத்திருக்கும். ஆறியபின் கழற்றி, வெந்நீரில் ஊற வைத்து, துளைகளை ஊசியால் குத்தித் துலக்கி, நன்றாகக் காய வைத்து மாட்டுங்கள்.

துலக்கிய பிறகும் தீ மஞ்சளாக எரிந்து பாத்திர அடியில் கரி பிடித்தால் அடுப்புப் பழுது பார்ப்பவரை அழையுங்கள். குமிழைக் கழற்றுவதும் ஜெட்டைத் தொடுவதும் உங்கள் வேலை இல்லை. எரிவாயு வாடை வந்தால் பணியாரத்தை மறந்துவிடுங்கள். ரெகுலேட்டரை மூடுங்கள், சன்னல்களைத் திறங்கள், மின் சுவிட்ச் எதையும் தொடாமல் எல்லோரையும் வெளியே அழைத்துப் போய், அங்கிருந்து 1906 என்ற அவசர எண்ணுக்குப் பேசுங்கள். அந்த எண் 24 மணி நேரமும் இயங்கும்.

## குறை 6: சூட்டில் நன்றாக இருந்தது, தட்டுக்கு வரும்போது இறுகிவிட்டது

இறுகுவதும் நமத்துப்போவதும் வெவ்வேறு. எது என்று தொட்டுப் பாருங்கள்.

தோல் நமத்து ஈரமாக இருந்தால் சூடாக இருக்கும்போதே மூடி வைத்திருக்கிறீர்கள். சூடு காக்கும் டப்பாவில் வைப்பதாக இருந்தால் அடியில் ஒரு வெள்ளைத் துணி, மேலே ஒரு துணி போட்டு மூடியைச் சற்றே விலக்கி வையுங்கள். பரிமாறும் முன் காய்ந்த கல்லில் ஒரு புரட்டு புரட்டினால் மொறுமொறுப்புத் திரும்பும்.

ரப்பர் போல இழுத்தால் சிறு தீயில் நெடுநேரம் கிடந்து உலர்ந்திருக்கிறது, அல்லது மாவில் உளுந்து குறைவு. இந்த முறை சூடாகவே பரிமாறிச் சமாளியுங்கள். அடுத்த முறை அரிசியோடு ஒரு கைப்பிடி அவலை ஊற வைத்து ஆட்டிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் ஆனாலும் பணியாரம் மெத்தென்று இருக்கும்.

## குறை 7: மாவு புளித்துப் போய்விட்டது

உப்பியிருக்கிறது, ஆனால் நாக்கைக் கூசுகிறதென்றால் புதிதாக அரைத்த அரிசி மாவையோ கெட்டித் தேங்காய்ப் பாலையோ கொஞ்சம் சேருங்கள், பச்சை மிளகாயையும் வெங்காயத்தையும் கூட்டுங்கள். மேலே சிவப்போ கறுப்போ புள்ளி கண்டாலும், அழுகிய வாடை வந்தாலும் சரிசெய்யப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். வீட்டுக்கு வந்தவர்களின் வயிறு விளையாட்டு இல்லை.

## குறை 8: சட்னி வழிகிறது, தட்டு அலங்கோலமாகிறது

தேங்காய்ச் சட்னியில் பொட்டுக்கடலையைக் கூட்டி, தண்ணீர் விடாமல் அரைத்தால் நிற்கும். தக்காளிச் சட்னி என்றால் எண்ணெய் பிரியும் வரை வதக்க வேண்டும். பரிமாறுவதற்குப் பத்து நிமிடத்துக்கு முன்தான் மேலே வைக்க வேண்டும், இல்லையென்றால் தலை ஊறிவிடும். தேங்காய்ச் சட்னியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது குச்சியை உருவிவிட்டுக் கொடுங்கள்.

## எப்போது சமையல்காரரை அழைப்பது?

12 குழிக் கல்லில் ஒரு ஈடு எடுக்க 6, 7 நிமிடம். 120 பணியாரத்துக்கு 10 ஈடு, அதாவது ஒரு மணி நேரத்துக்கும் மேல். இரண்டு கல் வைத்தால் பாதி. இதுவரை ஒருவரால் முடியும். வருகிறவர்கள் 60 பேரைத் தாண்டினால் நீங்கள் விருந்தினர் முகத்தையே பார்க்க முடியாது. அப்போது உங்கள் ஊர்ச் சமையல்காரரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். அங்கேயே ஊற்றித் தரச் சொல்லுங்கள், செய்து கொண்டுவந்தால் குறை 6 வந்து சேரும். அவர் எந்தக் கல் கொண்டுவருவார், சிலிண்டர் யாருடையது என்பதையும் முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள், மூன்றாவது ஈடும் பிய்ந்து வருகிறது என்றால் பணியாரக் கல்லை இறக்கி வையுங்கள். தோசைக் கல்லைப் போட்டு, அதே மாவை அதே தாளிப்போடு உள்ளங்கை அகலத்தில் குட்டி ஊத்தப்பமாக ஊற்றுங்கள். ஒரே நேரத்தில் ஐந்து, ஆறு ஊற்றலாம். நான்காக வெட்டி, ஒவ்வொரு துண்டின் மேலும் அந்தக் கெட்டிச் சட்னியையே வைத்து, கறிவேப்பிலையை எண்ணெயில் பொரித்து மேலே தூவி அனுப்புங்கள். முதல் தட்டு 10 நிமிடத்தில் கூடத்துக்குப் போய்விடும்.